எடுக்காத விரல்

தான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் தப்பு இருக்க வேண்டும் என்று செண்பகவல்லி வேண்டிக்கொண்டது இருபத்துநாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மணி இரண்டே கால். சாப்பாட்டு மேஜையில் ரசம் சிந்திய இடத்தை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்து, அது காய்வதற்குள் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்துவிட்டதால் அடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகர்த்தும்போதெல்லாம் மேஜை அதைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்துக்கொண்டு பிறகுதான் விட்டது. நாலு மணிக்கு இன்பராஜ் வந்துவிடுவான். அப்பாவுக்குப் பிசியோதெரபி செய்ய மூன்று மாதமாக வருகிறவன், இன்றைக்கு வருவது வைத்தியத்துக்கு இல்லை, கூடத்து மூலையில் நிற்கும் வாக்கரை எடுத்துக்கொண்டு போக. பெருமாள்புரத்தில் இடுப்பு ஒடிந்த ஒரு டீச்சர் அதற்காகக் காத்திருக்கிறாராம். நேற்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மூணு நாளா கேட்டாச்சுக்கா. ஐயாவே வேண்டாங்காவ. ஆள் சம்மதிக்காம கால்ல கை வைக்கக் கூடாது, எங்க வேலையில அதுதான் மொதப் பாடம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அப்பா சொல்லத்தான் செய்தார். ஐப்பசியில் வந்த பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் பாதியாகவும் பேச்சை முழுசாகவும் கொண்டுபோன பிறகு அவர் சொல்வதெல்லாம் கட்டிலோரத்து டேப்லெட் வழியாகத்தான். அந்த டேப்லெட்டில் உள்ள மெனுவை எழுதியது செண்பகவல்லி. பன்னிரண்டு கட்டம். தண்ணீர், காப்பி, சாப்பாடு, வலி, பாத்ரூம், ஃபேன், ஜன்னல், டிவி, நடக்கணும், ஆவுடையைக் கூப்பிடு, செம்பகத்தைக் கூப்பிடு, கடைசியாக ஒண்ணும் வேண்டாம். அவர் அமுக்குவார், அது பேசும். திங்கட்கிழமையிலிருந்து எதைக் கேட்டாலும், யார் கேட்டாலும், அது பேசுவது ஒன்றே ஒன்றுதான். ஒண்ணும் வேண்டாம். இன்று மதியம் அம்மா ஆவுடையம்மாள் "மோர் ஊத்தவா, ரசம் ஊத்தவா" என்று கேட்டபோதும் அதுவே வந்தது. வந்ததும் அப்பா இடது கையால் டேப்லெட்டை ஒரு தள்ளுத் தள்ளினார். அது மெத்தை விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது. "கோவத்தப் பாரு" என்றாள் அம்மா. செண்பகவல்லிக்கு அது கோபமாகத் தோன்றவில்லை. பூட்டிய கதவைக் கடைசியாக ஒருமுறை தள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அதனால்தான் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் காரியத்தைச் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். டேப்லெட்டைக் கையில் எடுத்துப் பன்னிரண்டையும் வரிசையாகத் தட்டினாள். தண்ணீர் என்றால் தண்ணீர் வேணும் என்றது. ஃபேன் என்றால் ஃபேனைப் போடு என்றது. நடக்கணும் என்றால் நடக்கணும். இயந்திரப் பெண்குரல், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி தட்டையாக, ஆனால் தப்பில்லாமல். அம்மாவைத் தட்டச் சொன்னாள். அம்மா சுட்டுவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சூடான தோசைக்கல்லைத் தொடுவது போலத் தொட்டு எடுத்தாள். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. அவள் வேலை பார்த்த ராட்டர்டாம் அலுவலகத்தில் பக்கத்து மேஜை வெள்ளைக்காரி மரைக்கா ஒரு கோப்பை வைத்திருந்தாள், 'என் மெஷினில் ஓடுகிறதே' என்று எழுதிய வெள்ளைக் கோப்பை. நிரலில் தப்பைக் காட்டியதும் யாராவது அந்தச் சாக்கை வாய்விட்டுச் சொன்னால் பேசாமல் கோப்பையை அவர்கள் பக்கம் திருப்பிவைப்பாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கோப்பை தன் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டவள் செண்பகவல்லி. இப்போது அது எங்கோ ஒரு மேஜையில் இருந்து மெல்லத் திரும்புகிறது. என் கையில் ஓடுகிறதே. என் கையில் ஓடுகிறது, அம்மா கையில் ஓடுகிறது. அப்படியானால் தப்பு இல்லை. தப்பு இல்லையென்றால் அவர் சொன்னதுதான் சொல், ஒண்ணும் வேண்டாம்தான், வாக்கர் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முன்னே போக மறுத்து, நூல் சிக்கிய தையல் மெஷின் மாதிரி அதே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது.

திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். மெனுவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு பட்டியலில் ஒரு வரி இருக்கிறது, படம் எது, பெயர் எது, குரல் எது என்று. கட்டத்தையும் வரியையும் சேர்த்துக் கட்டியிருக்கிற முடிச்சுக்குப் பெயர் பைண்டிங். முடிச்சு சரியாக இருந்தால் கட்டத்தை அமுக்கும்போது அதன் வரி பேசும். முடிச்சு அவிழ்ந்தால்? அதுதான் இதில் உள்ள கள்ளத்தனம். நிரலில் வேறெங்கே தப்பு வந்தாலும் அது விழும், கத்தும், சிவப்பாக எதையாவது காட்டும். பைண்டிங் மட்டும் அவிழ்ந்தால் சத்தமே வராது. திரை அப்படியே சிரித்த முகமாக இருக்கும், கட்டங்கள் எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கும். தேடிப்போய் வரி கிடைக்காவிட்டால், 'கிடைக்காதபோது இதைச் சொல்' என்று எழுதியவர் கொடுத்துவைத்த மாற்று ஒன்றை எடுத்து மரியாதையாகச் சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். அந்த மாற்றையும் அவள்தான் கொடுத்திருந்தாள். எதைக் கொடுப்பது என்று ரொம்பவும் யோசிக்கவில்லை. நோயாளியின் கையில் இருக்கிற சாதனம் ஊமையாக நிற்கக் கூடாது, தப்பாகப் பாத்ரூம் என்றோ வலி என்றோ சொல்லி ஆளைப் பதறவைக்கவும் கூடாது. இருப்பதிலேயே யாருக்கும் தொந்தரவில்லாதது கடைசிக் கட்டம். ஒண்ணும் வேண்டாம். அதை வைத்தாள். வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டில் அது ஒன்றுதான் அப்பாவின் சொந்தக் குரல்.

அந்தக் குரல் கிடைத்த கதை சின்னதுதான். ஊருக்குத் திரும்பிய தை மாதத்தில், பழைய வாட்ஸப் செய்திகளை எல்லாம் தோண்டி எடுத்து, அப்பா பேசிய துண்டுகளைக் கோர்த்து மெனு முழுவதையும் அவர் குரலிலேயே செய்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். நூற்றுக்கும் மேலே இருந்தன. ராத்திரியாகிவிட்டதா, குளிருதா, போன்ல சார்ஜ் இருக்கா. கேட்டுக்கொண்டே போனால், தண்ணீர் வேணும் என்று ஒரு இடத்திலும் இல்லை. காப்பி வேணும் என்றோ கால் வலிக்குது என்றோ அந்த மனுஷன் பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கேட்பாள், அப்பா என்ன வாங்கிட்டு வரட்டும், என்ன அனுப்பட்டும், டாக்டரப் பாத்தீங்களா. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே பதில், ஒண்ணும் வேண்டாம்மா. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து, கம்பம் ஏறியே பாதி ஆயுளைக் கழித்த வேலாயுதத்தின் குரல், தரையில் இருக்கிற ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று எப்போதும் ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும். அதில் நல்ல துண்டு ஒன்றை எடுத்து வெட்டினாள். கடைசி 'ம்மா' தனக்கு உரியது, மற்றவர்களுக்குப் பொருந்தாது என்று அதை நறுக்கி எடுத்தாள். பின்னால் குக்கர் விசில் ஒன்று தொடங்கும், அதை எடுக்க வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். முதன்முதலில் அதைப் போட்டுக்காட்டிய அன்று அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, "அன்னைக்கு நான் கொண்டக்கடல வேகவச்சேன்" என்றாள்.

ஒண்ணும் வேண்டாம் என்பது அந்த வீட்டில் பதில் இல்லை, ஒரு பழக்கம். செண்பகவல்லிக்கே அது தெரியாதா? ஐந்தாம் வகுப்புவரை கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, ஆறாம் வகுப்பில் கான்வென்ட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் சந்திரன் வந்தால் என்ன ஆகும் என்று மிஸ் ஆங்கிலத்தில் கேட்பாள். விடை அவளுக்குத் தெரியும், வரிசை மாறாமல், படம்கூடக் கண்ணில் இருக்கும். ஆனால் அது தமிழில் இருக்கிற அறையிலிருந்து கிளம்பி, நடுவில் உள்ள வாசலைத் தாண்டி, ஆங்கிலத்தின் அறைக்கு வந்து வாயைத் தேடிப் பிடிப்பதற்குள் மிஸ்ஸின் குச்சி அடுத்த பெஞ்சுக்குப் போயிருக்கும். போகிற வழியில் ஒரு கணம் நின்று "எஸ், செண்பா?" என்று மிஸ் கேட்கும்போது வாயில் தயாராக இருந்தது ஒன்றுதான். நத்திங் மிஸ். விடை தெரியாது என்பதில்லை அது. விடை வந்துகொண்டிருக்கிறது, வழியில் இருக்கிறது, அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுகிற சில்லறை. அந்த வருஷ ரிப்போர்ட்டில் அமைதியான பெண் என்று எழுதியிருந்தாள் மிஸ். அப்பா அதைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டார். அமைதியான பெண். அமைதியான நோயாளி. மூன்று நாளாக இந்த வீட்டில் எவ்வளவு அமைதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாக்கரோடு நாலு எட்டு வைத்துவிட்டு அப்பா சறுக்கி உட்கார்ந்துவிட்டார், அடி ஒன்றும் இல்லை, ஆனாலும் திங்கள் காலையில் இன்பராஜ் கேட்டபோது ஒண்ணும் வேண்டாம் வந்தவுடன் எல்லாருக்கும் காரணம் கைமேல் இருந்தது. மனசு விட்டுப்போச்சு பாவம், என்றார்கள். இத்தனைக்கும் அன்றுவரை அதே மெனுவில் காப்பியும் ஜன்னலுமாகக் கேட்டுக்கொண்டு இருந்தவர்தான். அவளுக்கும் அது பொருந்திவிட்டது. அதுமட்டுமா. இதை நினைக்காமல் இருக்க முடியுமா என்று பார்த்தாள், முடியவில்லை. அவர் ஒண்ணும் வேண்டாம் என்னும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல உட்கார்ந்து ஓய்வெடுத்தது. அலுவலக மீட்டிங் தடைப்படவில்லை. மதியம் ஒரு மணி நேரம் தூங்க முடிந்தது. தப்பைத் தேடாமல் மூன்று நாள் விட்டதற்கு அந்த ஓய்வுதான் காரணமோ என்னவோ.

"ஏளா, இன்னும் அந்தப் பொட்டியத்தான் நோண்டுதியா?" அம்மா உலர்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாசலிலிருந்து வந்தாள். "சாப்ட்ட தட்டுகூட அப்படியே கிடக்கு." செண்பகவல்லி தலை நிமிராமல், "அம்மா, அப்பா அமுக்கும்போது நீ பக்கத்துல நின்னு பாத்திருக்கியா?" என்று கேட்டாள். "பாக்காம? நாந்தான கேக்கேன்." "எதை அமுக்குனாரு?" "எதையோ அமுக்குனாவ. கண்ணாடி இல்லாம எனக்கு எங்க தெரியுது. அதான் வாய் தொறந்து சொல்லுதே, அப்பறம் என்னத்தப் பாக்க?" அம்மா ஒரு பனியனை உதறி மடித்தாள். "ஒங்கப்பா எப்பவும் சொல்றதுதான. கல்யாணம் ஆன புதுசுல, எங்கம்மா பந்தியில நின்னு எல போடவா எல போடவான்னு கேட்டா, வேண்டாம் வேண்டாம்னுட்டு பட்டினியாவே எந்திரிச்சு வந்தாவ. அந்த ஆளுதான இது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். செண்பகவல்லியும் சிரித்தாள். அந்தத் தப்பு, அது தப்பாக இருக்குமானால், எவ்வளவு பொருத்தமான ஆளைப் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. வேறு யார் வாயில் வந்திருந்தாலும் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும். இவர் வாயில் வந்ததால் யாருக்கும் வரவில்லை.

மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். மின்தடை வந்து, இன்வெர்ட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. கரண்ட் போனால் அப்பா அந்தக் காலத்தில் கேட்கிற முதல் கேள்வி எங்கே போச்சு என்பதாக இருக்காது, எதுவரைக்கும் இருக்கு என்பதாகத்தான் இருக்கும். ஆபீசுக்குப் போனைப் போட்டு, "எது வரைக்கும் வருது? மார்க்கெட்டுல இருக்கா? சரி, தண்ணி டேங்க்ல?" என்று கேட்டுக்கொண்டே கையால் காற்றில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போவார். கோடு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே போகச் சைக்கிளை எடுப்பார். செண்பகவல்லி அதையே செய்தாள். பட்டியலில் வரி இருக்கிறதா, இருக்கிறது. வரியிலிருந்து கட்டத்துக்குப் போகிறதா, போகிறது, பெயர் சரியாகத் தெரிகிறதே. கட்டத்தைத் தட்டினால் வருகிறதா, வருகிறது. அதற்கப்பால் என்ன இருக்கிறது? அதற்கப்பால் ஒன்றும் இல்லை. குரல்தான். கோடு எங்கேயும் நிற்கவில்லை. ஊர் முழுக்க விளக்கு எரிகிறது, ஒரு வீடு மட்டும் இருட்டு. இனிப் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று, டேப்லெட்டுக்கு உள்ளே அது தானாக எழுதிக்கொண்டே போகிற பதிவேடு. எப்போது எது அமுக்கப்பட்டது, என்ன நடந்தது என்று வரிவரியாக. அதைப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்பது அவளுக்கு இரண்டே காலுக்கே தெரியும். பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அதில் பன்னிரண்டாவது கட்டம் மட்டுமே நிறைந்து கிடந்தால், அப்பா உண்மையிலேயே அதை மட்டும்தான் தேடித் தேடி அமுக்கியிருந்தால், அதற்குமேல் தேட இடம் இருக்காது. சந்தேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாமே என்று மனசு நிழலில் ஒதுங்கி நின்றது. மூலையில் வாக்கர், நாலு ரப்பர் காலையும் தரையில் ஊன்றி, யாரோ சொல்லி நிறுத்தியது போல நின்றுகொண்டிருந்தது. ஒரு கைப்பிடியில் அம்மா நேற்றுக் காயப்போட்ட கைக்குட்டை.

அறைக்குள் போனாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், வாய் வலதுபக்கம் லேசாகத் திறந்து, முந்தாநாள் மழித்த தாடையில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக. தூங்கும்போது எல்லாரையும் போலத்தான் இருக்கிறார். டேப்லெட்டை மெல்ல எடுத்துவந்து வயரைச் செருகினாள். பதிவேடு திரையில் வந்து விழத் தொடங்கியது, விழுந்துகொண்டே இருந்தது. கண்ணை ஒரு கணம் வேறெங்கோ வைத்துவிட்டுப் பிறகு பார்த்தாள். திங்கள் காலை ஆறு பத்து. அமுக்கியது: தண்ணீர். அதன் கீழே இரண்டாவது வரி: குட்டி மெனு, உரியவர் கிடைக்கவில்லை, மாற்று சொல்லப்பட்டது. ஆறு பதினொன்று. தண்ணீர். உரியவர் கிடைக்கவில்லை. ஆறு பன்னிரண்டு. தண்ணீர். ஒன்பதே முக்கால், அது இன்பராஜ் வந்த நேரம். நடக்கணும். நடக்கணும். நடக்கணும். செவ்வாய், ஒன்பது ஐம்பது. நடக்கணும். நடக்கணும். புதன். நடக்கணும், ஒரே ஒரு முறை. செண்பகவல்லியின் கை விசைப்பலகையில் இருந்தது, அதை எடுக்கத் தோன்றவில்லை. கீழே கீழே இறங்கினாள். ஜன்னல். ஃபேன். பாத்ரூம், பாத்ரூம், பிறகு நாற்பது நிமிஷம் ஒன்றும் இல்லை. அந்த நாற்பது நிமிஷத்தின் முடிவில் அம்மா படுக்கை விரிப்பை மாற்றினாள், புலம்பாமல், மூக்கைச் சுளிக்காமல், அது செண்பகவல்லிக்கு நினைவு இருக்கிறது. செவ்வாய் மூன்று மணி. செம்பகத்தைக் கூப்பிடு. மூன்று நாலு. செம்பகத்தைக் கூப்பிடு. ஏழு முறை. செவ்வாய் மூன்று மணிக்கு அவள் பக்கத்து அறையில் காதில் ஹெட்போனோடு ராட்டர்டாம்காரர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவர் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார். பத்தொன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்காததை எல்லாம் கேட்டிருக்கிறார். பன்னிரண்டாவது கட்டத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை.

தப்பு இருந்தது. வேண்டிக்கொண்டது கிடைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, குட்டி மெனு, என்றாள் வாய்விட்டு. ஞாயிறு மதியம் அவளே சேர்த்தது. ஒரு கட்டத்தின்மேல் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் அதன் அடியில் சின்னதாக ஒரு மெனு விரியும், கொஞ்சம், ரொம்ப, அப்புறம் என்று. தண்ணீர் கொஞ்சம், வலி ரொம்ப. நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். மடிக்கணினியில் மவுஸை வைத்துச் சோதித்தபோது சரியாக வந்தது. டேப்லெட்டில் ஏற்றிவிட்டுப் பிறகு மறந்தாள், யாருக்கும் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, மூன்று நாளாக அதை யார் திறந்துகொண்டே இருந்தது? அப்போது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா விழித்திருந்தார். அவளைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்பா. ஒரே ஒருதடவ. தண்ணிய அமுக்குங்க." இடது கை கிளம்பியது, எழுதவும் சாப்பிடவும் கம்பத்தைப் பிடிக்கவும் வலது கையே போதும் என்று எழுபத்தாறு வருஷம் சும்மா இருந்துவிட்ட கை. நடுங்கி நடுங்கி வந்து தண்ணீரின்மேல் இறங்கியது. இறங்கிய விரல் எழவில்லை. அங்கேயே இருந்தது, தன் முழு பாரத்தையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, தொட்டாயிற்று என்று உறுதியாகத் தெரிந்த பிறகு எடுக்கலாம் என்பது போல. அவள் குனிந்து உள்ளங்கையின் நிழலுக்குள் பார்த்தாள். அந்த விரலுக்கு அடியில், அவருக்குத் தெரியாமல், குட்டி மெனு சத்தமில்லாமல் விரிந்து கிடந்தது. பிறகு விரல் எழுந்தது. ஒண்ணும் வேண்டாம் என்றது அப்பாவின் குரல், குக்கர் விசில் தொடங்கி நின்றது. அப்பா அவளைப் பார்த்த பார்வையில் குற்றம் சொல்வதாக எதுவும் இல்லை. பாத்தியா, என்பது மட்டும் இருந்தது. "பாத்துட்டேன்பா" என்றாள். முதலில் தண்ணீரைக் கொடுத்தாள். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார், இன்னொன்று கேட்டு டம்ளரை நீட்டினார்.

பிறகு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படித் திடீரென்று விரிகிற மெனு, திரையின் மற்ற சாமான்களோடு சேர்ந்தது அல்ல. அது தனியாக மிதப்பது, தான் எந்த வீட்டுப் பிள்ளை என்று அதற்குத் தானாகத் தெரியாது. மவுஸால் அமுக்கினால் முதலில் கட்டம் தேர்வாகிவிடும், அதைப் பார்த்து ஓ இவர்தான் என்று புரிந்துகொள்ளும். விரலுக்கு அப்படி இல்லை, விரல் எழுந்தால்தான் தேர்வு. எழாத விரலுக்கு உரியவரே கிடையாது. எந்தக் கட்டத்தின்மேல் நின்று உன்னைக் கூப்பிட்டார்களோ அவர்தான் உனக்கு உரியவர் என்று அதற்கு ஒரே ஒரு வரியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னாள். மாற்று என்று கொடுத்திருந்ததையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மணிச் சத்தம் ஒன்றை வைத்தாள், கேட்டால் யாராவது ஓடிவருகிற மாதிரி. டேப்லெட்டில் ஏற்றும்போது மூன்று நாற்பது. துணி மடித்து முடித்த அம்மா பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. "என்னளா, கண்டுபிடிச்சிட்டியா?" சொன்னாள். பதிவேட்டை வாசித்தே காட்டினாள். அம்மா முதல் சில வரிகளுக்கு "ஐயோ, ஐயோ" என்றாள், பாத்ரூம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். காப்பி என்று வந்த இடத்தில் செண்பகவல்லி நிறுத்தினாள். புதன் பதினொன்று, பதினொன்று நாலு, பதினொன்று ஒன்பது, பதினொன்று இருபது, அதற்குக் கீழே இன்னும் ஐந்து. "இது என்னம்மா, ஒரு மணி நேரத்துல ஒம்பது தடவ காப்பி வேணுமான்னு கேட்டியா?" அம்மா, திறந்து கிடந்த அப்பாவின் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சும்மாதான் கேட்டேன்." பார்வையைத் திருப்பாமலே, "வேணும்னா கேட்டேன்? அந்தச் சத்தம் வருமேன்னு கேட்டேன்" என்றாள். "ஆறு மாசமாச்சுல்லா." அப்புறம், கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல, "நீ சரி பண்ணிட்டா, இனி அது வராதா?" மூன்று நாளாக இந்த வீட்டில் ஒருத்திக்கு ஓய்வு கிடைத்தது, ஒருத்திக்கு ஒரு குரல் கிடைத்தது, கேட்டவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. "வரும்மா" என்றாள் செண்பகவல்லி. "அப்பாவே அதைத் தேடி அமுக்குனா வரும்." "ஆங், அமுக்குவாவ" என்றாள் அம்மா, ஏமாற்றமா கேலியா என்று தெரியாமல், அடுக்களைக்குப் போனாள்.

பைக்கின் ஸ்டாண்டு போடும் சத்தம் நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கேட்டது. இன்பராஜ் உள்ளே வந்து வாக்கரிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கொடியில் போட்டான். "கெளம்புதேன்க்கா, டீச்சர் வீட்ல ரெண்டு தடவ போன் பண்ணிட்டாவ." "ஒரு நிமிஷம். இன்னொருக்கா கேளுங்க." "இப்பவும் அதையேதான் சொல்லுவாவ." "கேளுங்க தம்பி." அவன் கட்டிலருகே போய் நின்றான். "ஐயா, வாக்கரக் கொண்டுபோகட்டா, இல்ல நாளைக்கி வரட்டா?" அப்பா செண்பகவல்லியைப் பார்த்தார். இடது கை கிளம்பி ஒன்பதாவது கட்டத்துக்கு வந்து, இறங்கி, அங்கேயே இருந்தது. செண்பகவல்லி எண்ணவில்லை. விரிந்ததை இப்போது அவரும் பார்த்தார். விரல் எழாமலே இழுத்துக்கொண்டு கொஞ்சம் கீழே வந்தது, நின்றது, யோசித்தது, எழுந்தது. "நடக்கணும். ரொம்ப" என்றது பஸ் ஸ்டாண்டுக் குரல். இன்பராஜ், "ரொம்பவா? ஐயா, மொதல்ல எந்திரிச்சு நிப்போம், பொறவு திருச்செந்தூருக்கு நடப்போம்" என்று வாக்கரைத் தூக்கிக் கட்டிலோரத்தில் டக்கென்று வைத்தான். "டீச்சருக்கு வேற பாத்துக்கிடுதேன்." அப்பாவின் முகத்தில் இடது பாதி சிரித்தது, வலது பாதி கொஞ்சம் தாமதமாக முயன்றது. மேஜையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது, வயரில்லாமலே பதிவேடு வந்துகொண்டிருந்தது. அமுக்கியது: நடக்கணும். அதன் கீழே, சொல்லப்பட்டது: ரொம்ப. அடுக்களையிலிருந்து அம்மா, வழக்கத்தைவிடச் சின்னக் குரலில், யாரும் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி, "ஏங்க, காப்பி போடட்டா?" என்று கேட்டாள். அப்பாவின் விரல் காப்பிக்குப் போனது. காப்பியின்மேல் இறங்கவில்லை. தயங்கி, அதைக் கடந்து, ஃபேனையும் டிவியையும் தாண்டி, கடைசிவரைக்கும் போயிற்று. போய்ச் சேர நேரம் பிடித்தது. இன்பராஜ்கூட வாக்கரைப் பிடித்தபடி காத்திருந்தான். ஒண்ணும் வேண்டாம் என்றார் அப்பா, கம்பத்தின் மேலிருந்து கீழே இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி, பின்னால் என்றைக்கோ வெந்த கொண்டக்கடலையின் விசிலோடு. செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு என்று இருந்தது, பிழை வரி எதுவும் அதன் கீழே வரவில்லை. அடுக்களையில் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.